கைத்துப்பாக்கியில் மான் வேட்டை: முதல் சீசனுக்கு முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை

ரைபிளில் வேட்டையாடிப் பழகியவர்கள் கைத்துப்பாக்கிக்கு மாற நினைத்ததும் முதல் வேலையாகக் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிவிடுகிறார்கள். தடுமாற்றம் அங்கேயே தொடங்குகிறது. வாங்கியது மாநில விதிக்கு ஒத்துவராது. ஒத்துவந்தால் கைக்கு அடங்காது. கைக்கு அடங்கினாலும் எத்தனை தூரம் வரை சுடலாம் என்ற கணக்கு இருக்காது. சரியான வரிசை வேறு: முதலில் விதி, பிறகு தூரம், அதன் பிறகே துப்பாக்கி, குண்டு, குறிநோக்கி, பயிற்சி, கடைசியாகக் காடு.

இந்த வழிகாட்டி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வெள்ளைவால் மானை ரிவால்வரில் வேட்டையாடுவதை எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே சொல்வதெல்லாம் உரிமம் எடுத்து, சீசனில், அங்கே செய்யும் வேட்டைக்கு மட்டுமே. துப்பாக்கிச் சீசன் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த சனிக்கிழமை தொடங்கும். ஜூலையில் ஆரம்பித்தால்தான் நான்கைந்து மாதம் கை பழகக் கிடைக்கும். அக்டோபரில் துப்பாக்கி வாங்கியவர் அந்த ஆண்டு ரைபிளோடு போவதே மானுக்கும் அவருக்கும் நல்லது.

1. விதிப்புத்தகத்தை முதலில் படியுங்கள்

கைத்துப்பாக்கி விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ரைபிள் விதியைவிட அதிகமாக மாறும். பென்சில்வேனியாவில் மானுக்குக் கையால் இயக்கும், நடுவெடி தோட்டா (அடிப்பாகத்தின் நடுவில் அடிபட்டு வெடிப்பது) போடும் கைத்துப்பாக்கிதான் செல்லும். ரிவால்வர், ஒற்றைக்குண்டுத் துப்பாக்கி இரண்டுக்கும் அனுமதி உண்டு. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலுக்குக் கிடையாது. "10 மில்லிமீட்டர் பிஸ்டல் வீட்டில் இருக்கிறதே, அது போதாதா" என்று கேட்பவர்கள் ஏராளம். சக்தி போதும், விதி இடம் தராது.

பக்கத்து ஒஹாயோவில் கதை வேறு. அங்கே குழல் குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும், தோட்டா .357 (குண்டின் விட்டம், அங்குலத்தில்) அல்லது அதற்கு மேற்பட்ட நேர்ச்சுவர் தோட்டாவாக, அதாவது உறை கழுத்தில் குறுகாததாக, இருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையே கூடாது. எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை, வேட்டையைக் கவனிக்கும் மாநில அமைப்பான பென்சில்வேனியா கேம் கமிஷன் வெளியிடும். போன வருடப் புத்தகத்தை நம்பாதீர்கள்.

முதன்முறை உரிமம் எடுப்பவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். உரிமம் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. கொம்பில்லா மானுக்குத் தனி உரிமம், அதுவும் குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும். பொது உரிமத்தை வைத்துக்கொண்டு பெண் மானைச் சுட்டால் அது விதிமீறல்.

2. கையில் துப்பாக்கி வருமுன் பார்க்க வேண்டிய இரண்டு சட்டச் சிக்கல்கள்

முதலாவது, விசா. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அதாவது உரிமம் முதலில், துப்பாக்கி அடுத்து. ஜூன் 30-ஆம் தேதி உரிமம் முடிந்து, துப்பாக்கி மட்டும் அலமாரியில் இருந்தால் விலக்கும் முடிந்துவிடும். மறதிக்கு இங்கே விலை அதிகம். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், குடியிருக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும்.

இரண்டாவது, வண்டி. ரைபிளை உறையில் போட்டுப் பின்சீட்டில் வைத்துக் கிளம்பிய பழக்கம் கைத்துப்பாக்கிக்கு உதவாது. பென்சில்வேனியாவில் அதை வண்டியில் கொண்டுபோகவும் உடலில் மறைத்து வைக்கவும் தனிச் சட்டம் இருக்கிறது. மழைக்கோட்டுக்குள் உறை மறைந்தாலே அது மறைத்து வைத்த கணக்கு. மறைத்து வைக்கும் உரிமம் இல்லாதவர்கள், கவுண்டி பொருளாளர் அலுவலகத்தில் வேட்டைக்காரர்களுக்கென்றே தரும் துப்பாக்கி அனுமதிச் சீட்டை வாங்கி, வேட்டை உரிமத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டை மட்டும் வைத்திருப்பவரின் வண்டிக்குள் தோட்டா ஏற்றிய துப்பாக்கி இருக்கவே கூடாது.

3. தூரத்தை முடிவு செய்த பிறகே துப்பாக்கி

இங்கே தூரமெல்லாம் கெஜத்தில்: ஒரு கெஜம் மூன்று அடி.

தோட்டா எவ்வளவு தூரம் பறக்கும் என்பது முக்கியமல்ல. உங்கள் கை எவ்வளவு தூரம் வரை மானின் நெஞ்சுக்கூட்டுக்குள் குண்டை வைக்கும் என்பதுதான் உங்கள் எல்லை. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி பக்கவாட்டில் சுமார் 8 அங்குல வட்டம். குளிரிலும் படபடப்பிலும் கை கொஞ்சம் கெட்டுப்போகும் என்பதால் 6 அங்குல வட்டத்தையே கணக்கில் எடுங்கள்.

முதல் ஆண்டில் பெரும்பாலானவர்களுக்கு அந்த எல்லை 25 முதல் 50 கெஜம் வரை அமைகிறது. இதைக் கேட்டு ஏமாற்றமடையத் தேவையில்லை. வில்லில் வேட்டையாடுபவர்கள் இதைவிடக் குறைந்த தூரத்தில்தான் மானை எடுக்கிறார்கள். 100 கெஜத்துக்கு மேல் சுட வேண்டிய திறந்த வயல்தான் உங்கள் இடம் என்றால், ரிவால்வரை விட்டுவிட்டு ஒற்றைக்குண்டுத் துப்பாக்கியை யோசியுங்கள், அல்லது வேறு இடம் தேடுங்கள்.

4. துப்பாக்கியும் தோட்டாவும்

தொடக்கத்துக்கு எங்கள் பரிந்துரை: .44 மேக்னம் ரிவால்வர், குழல் ஏழரை அங்குலம், எடை ஒன்றரைக் கிலோ அளவில். ரூகர் சூப்பர் ரெட்ஹாக், சூப்பர் பிளாக்ஹாக் ஹண்டர் இரண்டும் இந்த வகை. ஸ்கோப் வளையம் பொருத்தும் பள்ளங்கள் இவற்றில் தொழிற்சாலையிலேயே வெட்டப்பட்டிருக்கும். எடை கூடினால் தோளுக்குச் சுமை, ஆனால் பின்னுதைப்பு குறையும். கைப்பைக்குள் வைக்கும் நான்கு அங்குல மேக்னம் ரிவால்வரோடு மான் வேட்டை பழகுவது, நீச்சல் தெரியாதவர் ஆற்று வெள்ளத்தில் இறங்குவது போல.

.44 மேக்னத்தில் 240 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு ஏழரை அங்குலக் குழலிலிருந்து விநாடிக்குச் சுமார் 1,350 அடி வேகத்தில் கிளம்பும். ஆற்றல் சுமார் 970 அடி-பவுண்டு. ரைபிள்களில் சாதுவானது என்று சொல்லப்படும் .30-30-க்கு அது சுமார் 1,900. மேக்னம் என்ற பெயர் பெரிதாக ஒலித்தாலும் சிறிய ரைபிளில் பாதிதான் கையில் இருக்கிறது.

மணிக்கட்டு வலி உள்ளவர்கள், சிறிய கை உள்ளவர்கள் .357 மேக்னம் எடுக்கலாம். 158 அல்லது 180 கிரெய்ன் குண்டு, ஆறு அங்குலத்துக்குக் குறையாத குழல், 50 கெஜத்துக்குள் மட்டும். .454 கேசல், .460 போன்றவற்றை முதல் துப்பாக்கியாக வாங்காதீர்கள். மானுக்கு அவ்வளவு தேவையில்லை. பத்துத் தோட்டா சுடுவதற்குள் அதிர்ச்சிக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் வந்துவிடும், அதைப் போக்க ஒரு வருடம் ஆகும்.

தாம்சன்/சென்டர் கன்டெண்டர் போன்ற ஒற்றைக்குண்டுத் துப்பாக்கிகள் 14 அங்குலக் குழலில் .30-30 போன்ற ரைபிள் தோட்டாவையே சுடும். துல்லியம் அதிகம், தூரமும் கூடுதல். ஆனால் ஒரே குண்டு.

பழைய துப்பாக்கி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1973-க்கு முந்தைய ரூகர் ஒற்றை இயக்க ரிவால்வரில் (ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கையால் இழுக்க வேண்டியது) சுத்தி, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் பகுதி, நேராகத் தோட்டாவின் மேல் உட்காரும். கீழே விழுந்தால் வெடிக்கலாம். அப்படிப்பட்டதில், தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரில், சுத்தியின் கீழே உள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டுமே போட வேண்டும்.

5. குண்டைத் தேர்ந்தெடுப்பது

ரைபிள் குண்டு வேகத்தாலேயே சுற்றியுள்ள தசையைக் கிழிக்கும். கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அந்த வேகம் இல்லை. அது போகும் வழியில் எவ்வளவு அகலமாக, எவ்வளவு ஆழமாகத் துளை போடுகிறதோ அவ்வளவுதான் வேலை. ஆகவே இரண்டு துளை வேண்டும்: உள்ளே போன இடம் ஒன்று, வெளியே வந்த இடம் ஒன்று. வெளித்துளை இல்லாவிட்டால் ரத்தத் தடம் மெலிந்துபோகும், மான் கிடந்தும் கிடைக்காது.

பென்சில்வேனியாவில் முழு ஈயக் குண்டோ, பட்டதும் விரியும் குண்டோதான் செல்லும். வேட்டைக்கென்று செய்த மென்முனைக் குண்டு, கனமான குழிமுனைக் குண்டு, அகலத் தட்டைமுனை கொண்ட கடின ஈயக் குண்டு ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். தற்காப்புக்கென்று விற்கும் குழிமுனைக் குண்டு வேண்டாம். அது மனித உடலுக்காக வேகமாக விரியும்படி செய்தது. மானின் தோள் எலும்பில் பட்டால் பூவாக விரிந்து அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு மூன்று வகைத் தோட்டாவைச் சிறு பெட்டியாக வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரே துப்பாக்கி ஒரு வகையை 2 அங்குலத்துக்குள்ளும் இன்னொன்றை 5 அங்குலத்துக்கும் சிதறடிக்கும். எது கூட்டமாக விழுகிறதோ அதையே சீசன் முடியும் வரை போதுமான அளவு மொத்தமாக வாங்கிவிடுங்கள்.

6. குறிநோக்கி

இரும்புக் குறியில் முன்முனையும் பின்பள்ளமும் கால் மில்லிமீட்டர் விலகினால் ஏழரை அங்குலக் குழலில் 50 கெஜத்தில் கிட்டத்தட்ட 2 அங்குலம் தள்ளிப் போகும். நான்கு அங்குலக் குழலில் 3 அங்குலம். நாற்பது வயதுக்கு மேல் முன்முனை மங்கலாகத் தெரியும்போது இந்தக் கால் மில்லிமீட்டரைக் கண் பிடிக்காது. அதனால்தான் தொடக்கக்காரர்களுக்கு ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி) அல்லது ஸ்கோப்.

75 கெஜத்துக்குள் என்றால் ரெட் டாட் போதும். புள்ளி சிறியதாக இருக்கட்டும்: 3 மினிட் (கோண அளவு) புள்ளி 50 கெஜத்தில் ஒன்றரை அங்குலத்தை மறைக்கும். 6 மினிட் புள்ளி மூன்று அங்குலம், அதாவது உங்கள் இலக்கில் பாதி. குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும், சட்டைப் பையில் ஒன்று உபரியாக வையுங்கள்.

ஸ்கோப் என்றால் கைத்துப்பாக்கிக்கென்று செய்ததே வேண்டும். அதில் கண்ணை 18 முதல் 24 அங்குலம் தள்ளி வைத்துப் பார்க்கலாம். ரைபிள் ஸ்கோப்பை மாட்டினால் மூன்று நான்கு அங்குலத்தில்தான் படம் தெரியும், துப்பாக்கி உதைக்கும்போது நெற்றியைப் பிளக்கும். 2 மடங்கு உருப்பெருக்கம் போதும். 2 முதல் 7 வரை மாறும் ஸ்கோப் வாங்கினாலும் காட்டில் 2-லேயே வையுங்கள். 7-ல் கை நடுக்கம் ஏழு மடங்காகத் தெரியும், மான் மட்டும் தெரியாது.

ஸ்கோப்புடன் சுத்தியைப் பெருவிரலால் இழுப்பது கடினம். பக்கவாட்டில் நீளும் சிறு நீட்டிப்பு ஒன்றைச் சுத்தியில் திருகிக்கொள்ளுங்கள். வளையத் திருகாணிகளை நழுவாப் பசை தொட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே முறுக்குங்கள். பிறகு வளையமும் குழாயும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பின்னுதைப்பில் ஸ்கோப் நழுவினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அது இல்லாமல், குறி ஏன் மாறுகிறது என்று தெரியாமல் ஐம்பது தோட்டாவை வீணாக்குபவர்கள் உண்டு.

7. ரிவால்வருக்கே உரிய மூன்று ஆபத்துகள்

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறது. சுடும்போது அந்த இடைவெளியிலிருந்து சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் பக்கவாட்டில் பீறிடும். பிஸ்டலில் பழகியவர்கள் இரண்டு பெருவிரலையும் முன்னோக்கி நீட்டிப் பிடிப்பார்கள். ரிவால்வரில் அப்படிப் பிடித்தால் விரல் கிழியும். பெரிய தோட்டாவில் விரலே போகலாம். பெருவிரல்களைக் கீழே மடக்கிப் பூட்டுங்கள். இடக்கை சிலிண்டரின் முன் விளிம்பைத் தாண்டக் கூடாது. மரக்கிளை, கயிறு, பையின் வார் எதுவும் அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இரண்டாவது, சத்தம். மேக்னம் ரிவால்வரின் ஒலி 160 டெசிபலைத் தொடும். 140-ஐத் தாண்டிய ஒரே வெடிகூடச் செவித்திறனை நிரந்தரமாகப் பாதிக்கலாம். பலகைக் கூண்டுக்குள்ளிருந்து சுட்டால் இன்னும் மோசம். மெல்லிய ஒலியைப் பெருக்கி, வெடியை மட்டும் அடக்கும் மின்னணுக் காதுமூடியைக் காட்டிலும் போட்டிருங்கள். மான் காலடி கேட்காது என்ற சாக்கு இதில் எடுபடாது.

மூன்றாவது, குண்டு முன்னே நழுவுவது. ஒரு தோட்டா வெடிக்கும் உதையில் சிலிண்டரில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து முன்பக்கம் இழுபடும். கொஞ்சம் வெளியே வந்துவிட்டால் சிலிண்டர் சுழலாது. சோதனை எளிது: ஆறாவது தோட்டாவின் நீளத்தை அளந்துகொண்டு, ஐந்து சுட்டபின் அதையே எடுத்து மீண்டும் அளங்கள். நீளம் கூடியிருந்தால் அந்த வகைத் தோட்டாவை வேட்டைக்கு எடுக்காதீர்கள்.

8. சீரோ செய்வது: குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாக வரும்படி திருகுவது

மேசையில் மணல் மூட்டையின் மேல் மணிக்கட்டையோ விசைக்காப்பின் முன் பகுதியையோ சாயுங்கள். குழலைச் சாய்க்காதீர்கள். குழல் கடினமான ஒன்றைத் தொட்டால் துள்ளி, குண்டு மேலே போகும்.

25 கெஜத்தில் தொடங்கி மூன்று மூன்றாகச் சுடுங்கள். மூன்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத்தான் திருக வேண்டும், ஒற்றைக் குண்டைப் பார்த்தல்ல. குறிநோக்கித் திருகின் ஒரு கிளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும் என்றால், 50 கெஜத்தில் எட்டில் ஒரு பங்கு அங்குலமே நகர்த்தும். ஆக 50 கெஜத்தில் 2 அங்குலம் நகர்த்த 16 கிளிக். 25 கெஜத்தில் அதே 2 அங்குலத்துக்கு 32.

பிறகு 50 கெஜத்தில் மையத்தில் நிறுத்துங்கள். மேலே சொன்ன 240 கிரெய்ன் தோட்டா 50-ல் மையம் என்றால் 75 கெஜத்தில் ஒன்று முதல் ஒன்றரை அங்குலமும், 100-ல் நான்கைந்து அங்குலமும் கீழே விழும். 75 வரை குறியை மாற்றாமல் சுடலாம் என்பதுதான் இதன் லாபம்.

ரிவால்வரில் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி எழத் தொடங்கிவிடும். அதனால் பிடி தளர்ந்தாலும் இறுகினாலும் குண்டு விழும் இடம் மாறும். மேசையில் லேசாகப் பிடித்துச் சீரோ செய்துவிட்டுக் காட்டில் இறுக்கிப் பிடித்தால் இரண்டும் ஒத்துப்போகாது. காட்டில் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே மேசையிலும் பிடியுங்கள். பயிற்சித் தோட்டாவில் சீரோ செய்துவிட்டு வேட்டைத் தோட்டாவோடு கிளம்புவதும் இதே தவறுதான். கனமான, மெதுவான குண்டு பெரும்பாலும் மேலே போய் விழும்.

9. பயிற்சி

வீட்டில் தினமும் பத்து நிமிடம் வெற்று இயக்கம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள், தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். போலித் தோட்டா போட்டுச் சுத்தியை இழுத்து, குறி அசையாமல் விசையை அமுக்கப் பழகுங்கள். சுத்தியை முன்கூட்டி இழுத்துவிட்டால் விசைக்கு மூன்று நான்கு பவுண்டு அழுத்தம் போதும். இழுக்காமல் விசையை மட்டும் அமுக்கிச் சுடக்கூடிய ரிவால்வரில் அப்படி அமுக்கினால் பத்துக்கு மேல். மானுக்கு எப்போதும் சுத்தியை இழுத்தபின்தான்.

சுடுகளத்தில் வாரம் ஒருமுறை போதும். .44 மேக்னம் துப்பாக்கியில் .44 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம், .357-ல் .38 ஸ்பெஷல். முதல் மாதம் முழுக்க இந்த மெல்லிய தோட்டாதான். பிறகு ஒரு நாளைக்கு முப்பது மெல்லியது, கடைசியில் பன்னிரண்டு மேக்னம். அதற்கு மேல் சுட்டால் கை கற்றுக்கொள்வதை நிறுத்தி, பயப்படத் தொடங்கும்.

மேக்னத்தைவிடக் குட்டையான இந்த மெல்லிய தோட்டாவைச் சுட்டபின் சிலிண்டர் அறைக்குள் கரிவளையம் படியும். அதைத் தேய்த்தெடுக்காமல் மேக்னம் போட்டால் உள்ளே சரியாக இறங்காது, சுட்ட உறை வெளியே வராது. மாற்றும் முன் வெண்கலத் தூரிகையால் ஆறு அறையையும் தேயுங்கள்.

கண் சிமிட்டலைக் கண்டுபிடிக்க ஒரு வழி: நண்பர் ஒருவர் மூன்று அறையில் தோட்டாவும் மூன்றில் சுட்ட வெற்று உறையும் கலந்து போட்டுத் தரட்டும். எது வெடிக்கும் என்று தெரியாமல் சுடும்போது, வெற்று உறையில் குழல் கீழே குத்தினால் குறை கையில் இருக்கிறது, துப்பாக்கியில் இல்லை.

நிற்கும் நிலையில் சுடுவதை வேட்டையில் தவிர்த்துவிடுங்கள். பழக வேண்டிய நிலை மூன்று. முதுகை மரத்தில் சாய்த்து உட்கார்ந்து, முழங்கால்களை மடக்கி, மணிக்கட்டை அவற்றின் நடுவில் வைப்பது. சுடும் தாங்குகோலில் மணிக்கட்டைச் சாய்ப்பது. மரத்தின் மேல் கட்டிய வேட்டை மேடையின் கைப்பிடிக் கம்பியில் மடித்த கையுறையைப் போட்டு அதன்மேல் கையைச் சாய்ப்பது. செப்டம்பருக்குப் பிறகு மேசையில் உட்காரவே வேண்டாம்.

10. தட்டுச் சோதனை

உங்கள் எல்லையை முடிவு செய்யும் சோதனை இது. 6 அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை 25 கெஜத்தில் நிறுத்துங்கள். வேட்டை உடை, கையுறையுடன், சூடேற்றும் குண்டு எதுவும் சுடாமல், வேட்டை நிலையில் ஐந்து குண்டு. ஐந்தும் தட்டில் விழுந்தால் அடுத்த நாள் 35, பிறகு 45. ஒன்று வெளியே போனாலும் அதற்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை.

ஐந்தில் நான்கு விழுந்தால் போதாதா என்று கேட்பார்கள். அந்த ஐந்தாவது குண்டு காட்டில் வயிற்றில் பாயும். மேசையில் 75 கெஜத்தில் மூன்று அங்குலக் கூட்டம் போட்டவர் இந்தச் சோதனையில் 35-ல் நிற்பது சாதாரணம். அந்தத் தூரத்தை ஒரு காகிதத்தில் எழுதிப் பிடியின் உட்புறம் ஒட்டிக்கொள்ளுங்கள். மான் வரும் நேரத்தில் மனம் பேரம் பேசும்.

11. காட்டில் இடம் பிடிப்பது

வில்லாளி உட்காரும் இடத்தைத் தேடுங்கள். மான் தடத்திலிருந்து 25 முதல் 40 கெஜம், காற்று மான் வரும் பக்கத்திலிருந்து உங்களை நோக்கி வீச வேண்டும். உட்கார்ந்ததும் நாலைந்து மரங்களின் தூரத்தை லேசர் அளவியில் பார்த்து, உங்கள் எல்லை எந்த மரத்தோடு முடிகிறது என்று மனதில் கோடு போடுங்கள்.

பென்சில்வேனியாவில் ஒளிரும் ஆரஞ்சு நிறம் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம், எல்லாப் பக்கமும் தெரியும்படி இருக்க வேண்டும். குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 150 கெஜத்துக்குள் அனுமதியின்றி வேட்டை கூடாது. இரை போட்டு மானை வரவழைப்பதும் பொதுவாகக் கூடாது.

ஸ்கோப் மாட்டிய துப்பாக்கிக்கு மார்புறை வசதி. இடுப்பில் தொங்கினால் உட்காரும்போது இடிக்கும், எடுக்கும்போது பெரிய அசைவு தெரியும். மரமேடைக்கு ஏறும்போது துப்பாக்கி உடம்பில் வேண்டாம். முழு உடல் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறி, தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கயிற்றில் இழுத்து, பிறகு ஏற்றுங்கள்.

12. சுடும் தருணம்

மானின் தலை மரத்துக்குப் பின்னால் போகும்போது துப்பாக்கியை உயர்த்துங்கள். கையைச் சாய்த்து, குறி நெஞ்சில் உட்கார்ந்த பிறகே சுத்தியை இழுங்கள்.

பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு, முன்னங்காலின் பின்விளிம்பிலிருந்து மேலே கோடு இழுத்து, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி. சற்றே விலகித் திரும்பி நின்றால், குண்டு அந்தப் பக்கத்து முன்னங்காலை நோக்கி வெளியேறும்படி குறியைப் பின்னே தள்ளுங்கள். நேர் எதிரே நிற்பது, பின்பக்கம் காட்டுவது, ஓடுவது, தலை, கழுத்து: இவற்றில் எதற்கும் விசையில் விரல் போகக் கூடாது. ரைபிளில் தப்பிவிடும் தவறு கைத்துப்பாக்கியில் தப்பாது.

மான் நகர்ந்துவிட்டால் சுத்தியைத் திரும்ப இறக்க வேண்டும். குளிரில் விரைத்த விரலோடு இதுதான் விபத்து நடக்கும் நிமிடம். குழலைப் பாதுகாப்பான மண் பக்கம் திருப்பி, கையுறையைக் கழற்றி, பெருவிரலால் சுத்தியை இறுகப் பிடித்து, விசையைத் தொட்டு மெதுவாக இறக்குங்கள். வெற்றுத் துப்பாக்கியில் வீட்டில் ஐம்பது முறை செய்து பழகாமல் இதைக் காட்டில் முயலக் கூடாது.

சுட்டதும் உடனே சுத்தியை மறுபடி இழுத்துக் குறியிலேயே இருங்கள். மான் நின்றுகொண்டிருந்தால் இரண்டாவது குண்டு. முதல் குண்டு எங்கே பட்டது என்று எட்டிப் பார்ப்பதில்தான் பலர் அந்த இரண்டு விநாடியைத் தொலைக்கிறார்கள்.

13. சுட்ட பிறகு

மான் எந்த மரத்தருகே மறைந்தது என்பதைக் கண்ணில் பிடித்துவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். நெஞ்சில் பட்ட மான் பின்னங்காலை உதைத்துத் தாழ்வாக ஓடும். வயிற்றில் பட்டது முதுகை வளைத்து மெதுவாக நடக்கும்.

நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல்: அரை மணி நேரம் பொறுத்துத் தொடருங்கள். கருஞ்சிவப்பு கல்லீரல்: மூன்று நான்கு மணி நேரம். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றமடித்தால் வயிறு: ஆறு முதல் எட்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். துரத்தினால் படுத்த மான் எழுந்து, ரத்தத் தடம் இல்லாமல் ஒரு மைல் போய்விடும். ரத்தம் கண்ட இடத்திலெல்லாம் கழிப்பறைக் காகிதத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டே போங்கள். திரும்பிப் பார்த்தால் மான் போன திசை கோடாகத் தெரியும். தடம் அறுந்தால், கயிற்றில் கட்டிய மோப்ப நாயோடு தேட இம்மாநிலத்தில் அனுமதி உண்டு.

கிடக்கும் மானைப் பின்பக்கமிருந்து அணுகி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமை அசையவில்லை என்றால் முடிந்தது. அப்போதே சிலிண்டரைக் காலி செய்து உறையில் போடுங்கள். கத்தி எடுக்கும் கையின் பக்கத்தில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி இருக்கக் கூடாது.

இடத்தைவிட்டு நகர்த்தும் முன் உரிமத்தோடு வந்த வேட்டைச் சீட்டை நிரப்பி மானில் கட்ட வேண்டும், 10 நாளுக்குள் கேம் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். குடலை உடனே எடுத்து இறைச்சியை 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொண்டுவாருங்கள். நீங்கள் சுட்ட இடம் மான் நலிவு நோய்க்கான கட்டுப்பாட்டு வட்டாரத்துக்குள் இருந்தால் தலையையும் முதுகெலும்பையும் அங்கிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது. தலையை அதற்கென வைத்திருக்கும் சேகரிப்புப் பெட்டியில் போட்டால் நோய்ச் சோதனை செய்து முடிவைச் சொல்வார்கள். அது வரும் வரை இறைச்சி உறைபெட்டியிலேயே இருக்கட்டும்.